கீழேயிருந்து படிக்கிற மனு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது விதியை மீறுவதைப் பார்த்தால் வயிறு எரியும். டாக்டர் அல்சர் என்று சொல்லி மாத்திரை எழுதித் தருகிறார். என் மனைவி கிரேஸ் அதை நம்புவதில்லை. உங்களுக்குக் கோளாறு வயிற்றில் இல்லை, வாயில் என்பாள்.

முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டினேன். அதில் பத்தொன்பது வருஷம் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற வண்டி. கல்வராயன் மலை வளைவுகளில் ஏறி இறங்கியதில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. வளைவுக்கு ஒரு ஹாரன், இறக்கத்தில் இரண்டாவது கியர், ஏறி வருகிற வண்டிக்கு வழி. இவ்வளவுதான் விஷயம். ஆனால் எவன் கேட்கிறான்? ஓய்வு பெற்ற பிறகு மொபெட்டில் கள்ளக்குறிச்சிக்குப் போய் வருகிறேன். நான்குமுனைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தால் நிற்பவன் நான் ஒருவன்தான். பின்னால் வருகிறவன், பெருசு தூங்கிடுச்சா என்று கேட்டுவிட்டு ஓரமாகப் புகுந்து போய்விடுவான். ஒருநாள் அங்கே நின்ற போலீஸ்காரர், ஹெல்மெட் வார் சரியாக மாட்டவில்லை என்று என்னைத்தான் ஓரம் கட்டினார். ஓடினவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னை ஏன் சார் என்று கேட்டேன். நீங்கதானே நின்னீங்க என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நிற்கிறவனைத்தானே பிடிக்க முடியும்.

கச்சிராயபாளையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற ரோட்டின் மேலேயே எங்கள் ஊர் இருக்கிறது. ரோட்டை ஒட்டி ஒரு சிமென்ட் களம் உண்டு. நெல்லும் கம்பும் மக்காச்சோளமும் காயப் போடுவதற்காக ஊருக்குப் பொதுவில் கட்டிக் கொடுத்தது. நான்கு வருஷமாக அந்தக் களத்தில் ஒரு பிடி தானியம் காய்ந்து நான் பார்க்கவில்லை. முன்னாள் தலைவர் தெய்வசிகாமணியின் கரும்பு டிரெய்லர்கள் அங்கே நிற்கின்றன. நான்கு டிரெய்லர், ஒரு டிராக்டர், டீசல் பேரல் வைக்க ஒரு தகரக் கொட்டகை. ஆலை ஓடுகிற மாதங்களில் களத்தில் இடம் போதாமல் டிரெய்லர்கள் ரோட்டிலும் நிற்கும். பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கிடையாது. பொழுது சாய்கிற நேரத்தில் வருகிறவனுக்கு, அங்கே டிரெய்லர் நின்றது மோதின பிறகுதான் தெரியும். அப்படி மோதி எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் காலில் கம்பி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இதற்காக ஒன்பது மனு கொடுத்தேன். திங்கட்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு வரிசையில் நிற்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பைபிளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். சீட்டைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

என் மகள் ஜெஸி கள்ளக்குறிச்சியில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். மனு எப்படிப் போகும், எங்கே தூங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பொங்கல் லீவுக்கு வீட்டில் இருந்தபோது என் ஒன்பது மனுவின் நகலையும் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒரே ஆளு மேலயே எழுதிக்கினு இருந்தா, உங்க ரெண்டு பேருக்கும் இன்னாவோ பகைன்னு ஓரமா வச்சிடுவாங்கப்பா. பொதுவா எழுதுங்க. அந்த ரோட்டுல இன்னா இன்னா தப்பு நடக்குதோ எல்லாத்தையும் எழுதுங்க. அப்பதான் நடுநிலையா தெரியும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. நடுநிலை என்ற சொல்லே எனக்குப் பிடித்த சொல். அன்றைக்கே உட்கார்ந்து பத்தாவது மனுவை எழுதினேன். முதலில் களத்தை அடைத்த டிரெய்லர்கள். இரண்டாவது, ரோட்டில் விளக்கில்லாமல் நிற்கிற டிரெய்லர்கள். மூன்றாவது, அளவு மீறி ஏற்றுகிற கரும்புப் பாரம். அதற்குப் பிறகு வளைவை மறைக்கிற ஃபிளெக்ஸ் பேனர், கோமுகி அணைக்கு வருகிற கார்க்காரர்கள் உடைத்துப் போடுகிற பாட்டில்கள், ரோடு வரைக்கும் நீட்டிய கறிக்கடைக் கூரை, சைலன்சரைக் கழற்றிய பைக்குகள். ஏழு ஆனது. தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. எட்டாவதாக, சாலையின் மீது தானியம் உலர்த்துவதால் இருசக்கர வாகனங்கள் வழுக்கி விழும் அபாயம் உள்ளது என்று எழுதினேன்.

பொய் ஒன்றும் எழுதவில்லை. பஸ் ஓட்டின காலத்தில் ரோட்டில் கொட்டி வைத்த தானியத்தைப் பார்த்து நான் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் எட்டாவதை எழுதும்போது செவ்வந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு வினாடி பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன். யார் பேரையும் எழுதவில்லையே, பொதுவாகத்தானே எழுதுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முற்றுப்புள்ளி வைத்தேன்.

செவ்வந்தி எங்கள் ஊர்க் கூலிக்காரி. இருபது வருஷமாக அடுத்தவர் நிலத்தில் களை வெட்டி, நாற்று நட்டு, கரும்பில் காய்ந்த இலையைச் சோகை உரித்தவள். புருஷன் சின்னதுரை பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். இந்த வருஷம்தான் முதன்முதலாக, கள்ளக்குறிச்சியில் இருக்கிற ஒருவரிடம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டு வாங்கி மக்காச்சோளம் போட்டிருந்தாள். முதல் வெள்ளாமை எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் நிலம் தருவேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவள் ஊரில் எல்லாரிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தாள். பொழுது விடியும் முன்னே அவள் நிலத்துக்குப் போவதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். சோளம் நன்றாகவே விளைந்தது. மிஷினில் அடித்து மணியாக்கி, காயப் போட இடம் இல்லாமல் ரோட்டோரத்தில் கொட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை மனு கொடுத்தேன். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு போனில் செய்தி வந்தது. தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு சாலை ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது, மனு முடித்து வைக்கப்படுகிறது. நான் அதை மூன்று முறை படித்தேன். கிரேஸைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினேன். பத்தாவது மனுவில் பலித்துவிட்டது, பார்த்தாயா என்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு காலியான களத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

டிரெய்லர்கள் அப்படியே நின்றன. களத்தில் நான்கும் இருந்தன, ரோட்டில் ஒன்று கூடுதலாக நின்றது. ஃபிளெக்ஸ் பேனரில் கல்யாண மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். கறிக்கடைக் கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே பார்த்தேன். செவ்வந்தி ரோட்டோரப் பள்ளத்தில் குந்தி, சேற்றுத் தண்ணீரிலிருந்து சோளத்தைக் கையால் வாரி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. பக்கத்தில் ஒரு சல்லடையும் நாலைந்து ஈரச் சாக்கும் கிடந்தன. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தும் இன்னாச்சு என்று கேட்டேன்.

ரோட்டு இலாகா ஆட்கள் ஜீப்பில் வந்தார்களாம். மனு வந்திருக்கிறது, உடனே எடு என்றார்களாம். மூன்று நாள் வெயில் கேட்டாளாம், அதுவும் இல்லையென்றால் சாக்கில் அள்ளிக்கொள்ளவாவது நேரம் கேட்டாளாம். மேலே பதில் சொல்ல வேண்டும் என்று மண்வெட்டியால் பள்ளத்தில் தள்ளிவிட்டு, அவள் தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தள்ளின இடத்தை ஒரு ஆள் போட்டோ எடுத்தானாம். இதையெல்லாம் அவள் நிமிர்ந்து பார்க்காமல் சோளத்தை வாரிக்கொண்டே சொன்னாள்.

"உங்க ஊரு டிரைவரு லூர்துராஜ் குடுத்த மனுன்னு படிச்சிக் காட்டனாங்கண்ணா. எட்டு எழுதனீங்களாமே."

"முதல்ல தலைவரு டிரெய்லரத்தான் எழுதனேன் செவ்வந்தி. களத்த வுடச் சொல்லித்தான் எழுதனேன்."

"தெரியுதுண்ணா. களம் காலியா இருந்தா நான் ஏன் ரோட்டுல கொட்டப் போறேன்?" முறத்தைச் சல்லடையில் கவிழ்த்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். "நீங்க மேலருந்து எழுதறீங்க. அவங்க கீழருந்துதான் படிப்பாங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். நியாயம், விதி என்று எடுத்து விட்டிருப்பேன். அவள் பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

பள்ளத்தில் இறங்கி நானும் வாரினேன். மூன்றில் ஒரு பங்கு மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. வாரினதும் ஈரம். அடுத்த புதன்கிழமை வியாபாரியின் லாரி வரும். ஈரச் சோளத்தை அவன் தொடமாட்டான், நாலு நாள் சாக்கில் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். மூணு வெயில் போதும் என்றாள் செவ்வந்தி. மூன்று நாள் நல்ல வெயில் காய்ந்தால் சோளம் பிழைக்கும், சோளம் பிழைத்தால் நிலம் கையில் நிற்கும். மலை மேலே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

நேராக தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனேன். அவர் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். டிரைவர் சொல்லி நான் தட்டுவேனா, ஆலை நிற்கட்டும், மறுநாளே களத்தைக் காலி பண்ணித் தருகிறேன் என்றார். ஆலை நிற்க சித்திரை ஆகும். ஒரு மூலையாவது விடுங்கள் என்றேன். டிராக்டர் திருப்ப இடம் வேண்டாமா என்றார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார்.

"ஆனாலும் டிரைவரே, அந்தப் பொம்பள பாவம். அது மேல போய் ஏன் மனு போட்டீங்க?"

நான் அவருக்கு ஒன்பது மனுவின் கதையையும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வயிறு மட்டும் எரிந்தது.

வேறு இடமும் தேடினேன். என் வீடு ஓட்டு வீடு, வாசல் முழுக்க வேப்பமர நிழல். மாதா கோயில் வளாகம் மண் தரை, சோளத்தில் கல்லும் மண்ணும் கலந்துவிடும். வெயில் நாள் முழுக்க விழுகிற, சுத்தமான, கெட்டியான தரை ஊரில் இரண்டே இடம்தான். ஒன்று களம், இன்னொன்று ரோடு. சனிக்கிழமை காலை செவ்வந்தி வீட்டுக்குப் போய், மூட்டையைத் தூக்கு, ரோட்டில் போடலாம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னொரு மனு இல்லையே என்று கேட்டாள். நான் உன்கூடவே உட்கார்ந்திருக்கிறேன், வந்தால் என்னைக் கேட்கட்டும் என்றேன்.

என் வாழ்க்கையின் முதல் விதிமீறலையும் நான் விதிப்படிதான் செய்தேன். வளைவில் வேண்டாம் என்று நேர் ரோடாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இருநூறு அடிக்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். ரோட்டில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் தானியம் போகக் கூடாது. சுற்றிலும் கல் வைத்து, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு முனையிலும் குச்சி நட்டு கிரேஸின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினேன். என் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் மடித்து வைத்தேன்.

"கல்யாணத்துக்கு ஜோடிக்கிறாப்பல இருக்குதுண்ணா," என்று செவ்வந்தி சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அவள் வெறுங்காலால் சோளத்தில் கோடு இழுத்துக்கொண்டே நடந்தாள். அப்படிக் கிளறிவிட்டால்தான் அடிச்சோளம் மேலே வந்து வெயில் படும். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்த்தேன். என் கோடு கோணல்மாணலாகப் போனது. பஸ் ஓட்டினவருக்குக் கால் நேராகப் போகாதா என்று கேலி செய்தாள். அன்று நல்ல வெயில். மேகம் மலை மேலேயே நின்றுவிட்டது. ஒரு வெயில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்தேன். அதோடு இரண்டாவது வெயில். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. இளவயது அதிகாரி ஒருவரும், மண்வெட்டியோடு இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். ஆட்கள் நேராக செவ்வந்தியிடம் போனார்கள். அன்னிக்கே சொல்லிட்டுத்தானே போனோம், உனக்கு எத்தனை தடவை சொல்வது என்று ஒருவன் ஆரம்பித்தான். செவ்வந்தி காலை இழுப்பதை நிறுத்தினாள். ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து வந்து, சோளம் என்னுடையது என்றேன். அந்தப் பொய் எனக்குச் சுலபமாகவே வந்தது.

அதிகாரி யார் நீங்கள் என்றார். பேரைச் சொன்னேன். முதலில் மனுக்காரர் என்று தெரிந்துகொண்டார், முகம் சுருங்கியது. அடுத்து, நம்ம ஜெஸி மேடத்தோட அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ஜெஸி ஒருமுறை அவருடைய ஒரு கோப்பை அவசரமாகத் தட்டச்சு செய்து கொடுத்தாளாம். மண்வெட்டிக்காரர்களுக்கு அவர் கண்ணைக் காட்ட, அவர்கள் ஜீப்புக்குத் திரும்பினார்கள்.

"எத்தன நாள் சார் ஆவும்?"

"இன்னும் ஒரு வெயில்."

"சரி சார். வண்டி வரும், பாத்து ஒக்காருங்க. நிழல்லயே இருங்க."

எனக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது. நில்லுங்கள் என்றேன். எட்டாவதை எழுதினவனே நான்தான், சாலையில் தானியம் போடுவது தப்பு, இதோ நானே போட்டிருக்கிறேன், எனக்கு நோட்டீஸ் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அபராதம் போடுங்கள், தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போங்கள், அன்றைக்கு எந்தச் சட்டத்தில் தள்ளினீர்களோ அதே சட்டத்தில் இன்றைக்கும் எழுதுங்கள் என்று ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

"இன்னா சார் நீங்க, பெரியவங்க. உங்க மேல போய் எழுதுவமா?" என்று என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். மரியாதையாகத்தான் எடுத்தார். ஜீப் போய்விட்டது.

நான் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன். செவ்வந்தி மறுபடியும் கோடு இழுக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு சுற்று முடித்து, திரும்பி வருகிற வழியில் என் பக்கத்தில் நின்றாள்.

"அன்னிக்கு நானும் மூணு வெயிலுதாண்ணா கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த கோட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை லாரி வந்தது. வியாபாரி இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு ஏற்றச் சொன்னான். நிலத்துக்காரர் போனில் பேசினார். விளைச்சல் குறைவாக வந்திருக்கிறதே என்று கேட்டுவிட்டு, அடுத்த வருஷம் அரை ஏக்கர் மட்டும் பார் என்றாராம். அரை ஏக்கராவது இருக்கிறதே என்று செவ்வந்தி என்னிடம் சொன்னாள். போன அரை ஏக்கரை நான்தான் பள்ளத்தில் தள்ளினேன் என்று அவள் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பதினோராவது மனுவைக் கொடுத்தேன். அதில் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தேன். மேற்படி லூர்துராஜ் ஆகிய நான், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன இடத்தில், பொதுச் சாலையில் தானியம் உலர்த்தினேன். சாட்சிக்கு ஊரே இருக்கிறது. என் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மனு வாங்குகிற இடத்தில் இருந்த பெண் படித்துவிட்டு என்னையும் மனுவையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒப்புகைச் சீட்டு கொடுத்தாள். ஜெஸி அன்று சாயங்காலம் போன் செய்து, ஆபீசில் எல்லாரும் சிரிக்கிறார்கள், ஏன்ப்பா இப்படிச் செய்கிறீர்கள் என்று அழாத குறையாகக் கேட்டாள். எல்லாருக்கும் ஒன்றாக ஒரு தடவையாவது நடக்குமா என்று பார்க்கிற ஆசை என்று சொன்னேன்.

பத்து நாளில் செய்தி வந்தது. அப்போது நான் களத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். மொபெட்டை ஓரம் கட்டிப் படித்தேன். பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் செவ்வந்தி கூலிக்குச் சோகை உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வரப்புக்கு வந்து, இன்னாண்ணா சேதி என்றாள். வாய்விட்டுப் படித்தேன். மனுவில் குறிப்பிட்ட இடத்தில் நேரில் ஆய்வு செய்ததில் விதிமீறல் ஏதும் காணப்படவில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது. எங்களுக்கு எதிரே ரோட்டில் இரண்டு டிரெய்லர்கள் பாரத்தோடு நின்றன.

செவ்வந்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"உங்க பேருலயா எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"என் பேர எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்ணா."

சொல்லிவிட்டு, கையில் இருந்த சோகையைக் கீழே போட்டு, அடுத்த கரும்புக்குப் போய்விட்டாள். நான் போனைச் சட்டைப்பையில் வைத்தேன். டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு, நடு ரோட்டுக்கு ஏறித்தான் போக வேண்டியிருந்தது. ஏறிப் போனேன்.